ஓவசியர் வந்தால்தான் படம்

மக்கீன் அன்று விடிந்ததிலிருந்து எந்தக் கதிரையிலும் முழுதாக உட்காரவில்லை. நுனியில் ஒட்டிக்கொள்வார், எழும்புவார், பின் கதவுவரை போய்ப் பலாமரத்தை அண்ணாந்து பார்ப்பார், திரும்பி வருவார். வயிறு சரியில்லை என்று முடிவுகட்டிய அவர் மனைவி ஆஸியா உம்மா இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். அதையும் நின்றுகொண்டேதான் குடித்தார்.

அவர் காத்திருந்தது ஒரு குரங்குக்காக.

கண்டியில், உடவத்தைக் காட்டை ஒட்டிய மாவில்மடையில் குடியிருக்கும் எவரும் குரங்குக்காகக் காத்திருப்பதில்லை. நாம் எப்போது வெளியே போவோம் என்று குரங்குதான் காத்திருக்கும். மக்கீனின் விஷயம் வேறு. ஹாட்வெயார் கடையை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே பொழுதுபோக்கு, சிற்றலை வானொலியில் வானிலைப் படம் பிடிப்பது. கடலில் போகும் கப்பல்களுக்காகச் சில நாடுகள் காற்றையும் மழையையும் வரைபடமாக வரைந்து, அதைச் சத்தமாக மாற்றி அனுப்புகின்றன. கேட்டால் யாரோ விடாமல் தேங்காய் துருவுவது போல இருக்கும். வானொலியை மடிக்கணினியோடு ஒரு வயரால் இணைத்துவிட்டால் அந்தத் துருவல் கோடு கோடாக விழுந்து படமாகிவிடும்.

கூரையிலிருந்து பலாமரத்துக்கு அவர் கட்டியிருந்த ஏரியல், உறையில்லாத வெறும் செம்புக் கம்பி. பாங்கொக் படம் அதில் கஞ்சி போலக் கலங்கித்தான் வரும். ஒருநாள் மாலை ஒரு கிழட்டு ஆண்குரங்கு வந்து கம்பியின் நடுவில் குந்தியது. அந்த நொடியே படம் பளிச்சென்று துலங்கியது. வங்காள விரிகுடாவில் மீன் எண்ணலாம் போல இருந்தது. குரங்கு முதுகைச் சொறிந்தபோது காற்றுக்கோடுகள் சுருண்டன. கொட்டாவி விட்டபோது பிலிப்பைன்ஸ் ஒரு தீவை இழந்தது. மக்கீன் வேறு குரங்குகளையும் சோதித்துப் பார்த்தார். குட்டி சுமந்த தாய்க்குரங்கு குந்தினால் பெரிய படத்தின் பக்கத்தில் சின்னதாக இன்னொரு படமும் விழுந்தது. பக்கத்து வீட்டு வீரய்யாவைக் கூரையில் ஏற்றிக் கம்பியைப் பிடிக்க வைத்தபோது கிரிக்கெட் வர்ணனை மட்டும்தான் கிடைத்தது. ஆக, வேலைக்கு ஆகிறவர் அந்தக் கிழவர் ஒருவரே.

நடு வகிடு எடுத்து வாரியது போன்ற அதன் தலையைப் பார்த்து ‘ஓவசியர்’ என்று பெயர் வைத்தவர் வீரய்யா. மாநகர சபையில் வேலை பார்த்த காலத்தில் அவருக்கு மேற்பார்வையாளராக அப்படி ஒரு வகிடு இருந்ததாம். அந்த ஆளும் உயரத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்ப்பாராம்.

ஓவசியர் மாலைதோறும் வருவார், மக்கீன் வீசும் வாழைப்பழத்தைத் தின்பார், போவார். முந்தின நாள் மட்டும் பிந்தி வந்தார். அதில்தான் எல்லாம் குழம்பியது.

மக்கீனின் மகன் ரிஸ்கான் சரக்குக் கப்பலில் சமையல்காரன். கொழும்பிலிருந்து புறப்பட்டுச் சிங்கப்பூரையும் தாண்டி, பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடலில் அப்போது போய்க்கொண்டிருக்க வேண்டும். கண்டியில் இடி விழுந்து போன் டவர் படுத்துவிட்டது. போனும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. கடலில் ஒரு புயல் கிளம்பியிருக்கிறது என்று வானொலிச் செய்தியில் ஒரு வரி சொன்னார்கள். எந்தக் கடல் என்பது கரகரப்பில் போய்விட்டது. மக்கீன் பிடித்த படத்திலோ நெருக்கமான வட்டங்களோடு புயல் தெளிவாக இருந்தது. இடம்தான் தெரியவில்லை. படத்தின் இடது ஓரம் இதுதான் என்று தொடக்கத்திலேயே ஒரு குறி வரும். அதைத் தவறவிட்டால் கணினி தன் இஷ்டத்துக்குத் தொடங்கிவிடும். சுருட்டிய பாயைக் கண்ட இடத்தில் வெட்டி விரித்தது போல, வலப்பக்கத்துக் கடல் இடப்பக்கம் வந்து குந்தியிருக்கும். கரைக்கோடுகளை இரைச்சல் தின்றிருந்தது. ஆகவே அந்த வட்டங்கள் ஒன்று ரிஸ்கானின் கப்பலுக்கு மேலே, அல்லது இலங்கைக்குப் பக்கத்தில்.

“என்ன நானா, ஓவசியர் இன்னும் டியூட்டிக்கு வரலியா?” வேலிக்கு அப்பாலிருந்து வீரய்யா கேட்டார்.

“இன்டைக்குப் பிந்தினா நான் மௌத்து வீரய்யா அண்ணன். முதல் கோட்டுலருந்து புடிச்சாத்தான் புயல் மகன்ட பக்கமா நம்மட பக்கமான்டு தெரியும்.”

“நீங்க எந்தப் பக்கம்னு நினைக்கிறீங்க?”

மக்கீன் தஸ்பீஹ் மணியை வேகமாக உருட்டினார்.

“மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுங்க. புயல நம்ம பக்கம் இழுக்கிறீங்க. போன வருச மழைக்கே எங்க வீட்டுக்குப் பின்னால மண்மேடு வெடிச்சு நிக்குது.”

“நான் எங்க இழுக்கிற? எங்க ஈக்கிதுன்டு பாக்கத்தானே போற.”

“பாக்கிறவரு துஆ கேக்காம பாருங்க.”

அசர் தொழுதுவிட்டு வந்தும் பலாமரம் வெறுமையாகவே இருந்தது. மக்கீன் கதிரையிலிருந்து மரத்துக்கும் மரத்திலிருந்து கதிரைக்கும் நடந்தார். ஆஸியா உம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“எனத்தியன் இந்த ஓட்டம்? அந்தக் கள்ளக் கொரங்கயா தேடுற? இனி வராது. காலையில பட்டாசு கொளுத்திப் போட்ட நான்.”

மக்கீன் நின்றார். “பட்டாசா? எத்தின?”

“கட்டோட. என்ட மூக்குக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஓட்டுல குந்தி ஈக்கி. சும்மா விடவா?”

மக்கீன் மறைத்து வைத்திருந்ததைச் சொன்னார். புயலைச் சொன்னார், வெட்டி விரித்த பாயைச் சொன்னார், கப்பலைச் சொன்னார்.

“எப்பருந்து தெரியும்?”

“நேத்துலருந்து.”

“என்கிட்ட செல்லல்ல.”

“நீ பயப்படுவன்டுதான்.”

“நீங்க பயப்படாமத்தான் குந்த எடமில்லாமத் திரியிறீங்களா?” என்றார் ஆஸியா உம்மா. பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு டின்னை எடுத்தார்.

டின்னுக்குள் இருந்தது தொதல். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து, கை விட்டுப்போகும்வரை கிண்டி, ரிஸ்கான் வரும்போது கொடுப்பதற்காக வைத்திருந்தது. அந்த டின்னைத் தொட்ட பேரப்பிள்ளைகள் எல்லாம் திட்டு வாங்கியிருக்கிறார்கள். தொட நினைத்த மக்கீனும் வாங்கியிருக்கிறார். ஆஸியா உம்மா ஒரு பெரிய துண்டை ஒட்டடைக் கம்பின் நுனியில் அப்பிக்கொண்டு பலாமரத்தடிக்குப் போனார்.

“வாங்க மகன், வாங்க. காலையில நடந்தத மனசுல வெச்சிக்க வாணாம்.”

இலை அசைந்தது. குரங்கு இறங்கவில்லை.

“சிங்களத்துல கூப்பிட்டுப் பாருங்கக்கா, காட்டு இலாகா ஆளுதானே!” என்றார் வீரய்யா. ஆஸியா உம்மா சிங்களத்திலும் மரியாதையாக அழைத்தார். அப்போதுதான் மேல் கிளையில் அந்த வகிடு தெரிந்தது. கண்ணாடி இன்னும் மூக்கில் இருந்தது. ஓவசியர் ஆஸியா உம்மாவைக் கண்ணாடி வழியாக நெடுநேரம் ஆராய்ந்துவிட்டுக் கம்பியில் இறங்கினார், நடுவில் குந்தினார், தொதலைக் கடித்தார்.

உள்ளே தொடக்க ஓசை கூவியது. சரியான நேரம்.

வாழைப்பழமாக இருந்தால் மூன்று கடியில் முடிந்து எழும்பிப் போயிருப்பார். தொதல் அப்படி விடாது. மேல் தாடையும் கீழ்த் தாடையும் ஒன்றாகிப்போக, கணக்குக் கேட்கப்பட்ட அதிகாரி போல ஓவசியர் அசையாமல் முன்னால் வெறித்தார்.

மடிக்கணினியில் இடது ஓரம் கறுப்பாக, நேராக விழுந்தது. பிறகு மேலிருந்து கோடு கோடாகச் சீனம், வங்காளம், பர்மா, வியட்நாம். மக்கீன் கதிரையைத் தள்ளிவிட்டு மண்டியிட்டுத் திரைக்கு முகத்தைக் கொடுத்தார். பிலிப்பைன்ஸ் இறங்கியது. அந்தக் கடலில் கோடுகள் காயப்போட்ட சேலை போலத் தளர்வாகக் கிடந்தன. இடப்பக்கம் இலங்கையின் தலை தெரிந்தது. அதற்கு வலப்புறத்தில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு வட்டம், அதற்குள் இன்னொன்று.

“அல்ஹம்துலில்லாஹ்!” மக்கீன் முற்றத்துக்கு ஓடினார். “நமக்குத்தான்! ஆஸியா, புயல் நமக்குத்தான்!”

ஆஸியா உம்மா ஒட்டடைக் கம்பைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் ஏந்தினார்.

“அடப் பாவிகளா, கலியாண வீடு மாதிரி கொண்டாடுறீங்களே!” என்றார் வீரய்யா.

அப்போதுதான் மக்கீனின் கண் வேலியைத் தாண்டி, வீரய்யாவின் வீட்டுக்குப் பின்னால் வெடித்து நின்ற மண்மேட்டில் விழுந்தது. சந்தோஷம் பாதியில் நின்றது.

“பாலாம்பிகை அக்காவக் கூட்டிக்கிட்டு இப்பவே இஞ்ச வாங்க அண்ணன். ராவுக்கு முந்தி.”

“குரங்கு புடிச்ச படத்த நம்பியா வீட்ட விட்டு வரச் சொல்றீங்க?”

“ஓவசியர் எந்தக் காலத்துல பொய் செல்லீக்கிறார்?”

“எங்க ஓவசியர் எல்லாக் காலத்துலயுந்தான்” என்று முணுமுணுத்தாலும், வீரய்யா மனைவியையும் இரண்டு பெட்டியையும் சாமிப் படத்தையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மறுநாள் காற்று வந்தது. அதன் பின்னாலேயே மழை வந்து, போக மறந்தது போல நின்று பெய்தது. மண்மேடு வீரய்யாவின் குசினிச் சுவரைத் திறந்துகொண்டு உள்ளே நுழைந்து, அடுப்பங்கரையில் சம்மணம் போட்டது. அங்கே ஆள் யாரும் இல்லை. ஓவசியர் எந்த வழியாக உள்ளே வந்தாரோ, மழை முடியும்வரை மக்கீனின் அலுமாரிமேல் குந்தியிருந்தார். வாய் திறக்க முடியாததால் எதையும் திருடவில்லை. கண்ணாடியை ஆஸியா உம்மா மெதுவாகக் கழற்றி எடுத்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை.

மழை வெளித்த அன்று டவருக்கு உயிர் வந்தது. போன் அடித்தது.

“வாப்பா! எல்லாரும் நல்லமா? கெப்டன் கூப்பிட்டு பாங்கொக் படத்தக் காட்டின. வட்டம் சரியா நம்மட வூட்டுக்குப் பக்கத்துல. அன்டைலருந்து நான் ஒரு எடத்துல குந்தல்ல வாப்பா. ரெண்டுதரம் சோத்தக் கருக்கி ஏச்சும் வாங்கின.”

மக்கீன் கதிரையை இழுத்தார். முதுகு சாய, காலை நீட்டி, முழுதாக உட்கார்ந்தார்.

“இஞ்ச ஒன்டும் இல்ல மகன். எல்லாரும் நல்லம். நீ குந்து.”

“அப்ப சரி. உம்மாட செல்லுங்க, வந்தவுடன எனக்கு அந்தத் தொதல் வேணும்.”

மக்கீன் அலுமாரியை நிமிர்ந்து பார்த்தார். அங்கே டின் காலியாகத் திறந்து கிடந்தது. ஓவசியர் விரலை நக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

மக்கீன் மறுபடியும் எழும்பினார்.