பார்வை நாளில் மட்டும் திறக்கும் அறை

“அந்த அறைச் சாவி இனிமே தினமும் என்கிட்டயே இருக்கட்டும், மேடம்.”

சொல்லிவிட்டேன். வேலையில் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லப்பட்டிருந்தது: லீவு கேள், நல்ல நாற்காலி கேள், மின்விசிறி ஓடவில்லை என்று கத்து, அந்தச் சாவியை மட்டும் கேட்காதே. சொன்னவர் இதே மேடம்தான். எங்கள் பல்கலைக்கழகத்து மாணவர் நலப் பிரிவின் இயக்குநர்.

சாவியை வாங்குவதற்காக நீட்டிய அவர் கை நீட்டியபடியே இருந்தது. மறு கை கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தது.

“விளையாடாதம்மா. கூடத்துல எல்லாரும் உக்காந்தாச்சு. சாவியைக் குடுத்துட்டுப் போய்ப் பேசு.”

அதுதான் முறை. மாணவர் சேர்க்கைக் காலத்தில் வாரம் தவறாமல் பார்வை நாள் உண்டு. பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று பார்க்க வரும் பெற்றோரை நான் சுற்றிக் காட்டுவேன். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், ஓய்வறை, கடைசியாகப் படிப்பறை. அதைக் காட்டி முடித்ததும் பூட்டிச் சாவியை மேடம் கையில் வைத்துவிட்டு, கூடத்துக்குப் போய் மைக்கைப் பிடித்து என் கதையைச் சொல்ல வேண்டும்.

என் கதை முன்வாசலிலேயே ஆளுயரத்துக்கு நிற்கிறது. பட்டமளிப்பு அங்கியில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் பெண்ணின் படம். கீழே ‘குடும்பத்தின் முதல் பட்டதாரி. நாங்கள் கைகொடுத்தோம்’ என்று கொட்டை எழுத்தில். அந்தச் சிரிப்பு, படம் எடுத்தவர் “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று பிடுங்கி வாங்கிய சிரிப்பு. அன்று எனக்குப் பல்வலி.

கைகொடுத்தது முழுப் பொய்யும் இல்லை. நான் முதலாண்டில் எல்லாப் பாடத்திலும் முட்டி மோதி நின்றபோது, அந்தப் படிப்பறையில் தினமும் சாயங்காலம் ஒரு பயிற்றுநர் இருந்தார். எந்தத் துறைப் பிள்ளை வந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். நான் கரையேறியது அங்கேதான். அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. வேறு ஆள் போடவில்லை. அறைக்கு மட்டும் கண்ணாடிச் சுவரும் ஆரஞ்சு நாற்காலிகளும் வந்தன. சுவரில் ‘இங்கே எந்தக் கேள்வியும் சின்னதல்ல’ என்று ஒரு பலகை வந்தது. பிறகு பூட்டு வந்தது.

பார்வை நாளில் பூட்டைத் திறப்போம். நாற்காலிகளில் பிள்ளைகளை உட்காரவைப்பது என் பொறுப்பு. பிஸ்கட்டும் ஜூஸும் உண்டு, வகுப்புக்கு வந்த கணக்கும் உண்டு. புத்தகத்தைத் திறந்து வையுங்கள், போனை எடுக்காதீர்கள், எதையும் கேட்காதீர்கள் என்று சொல்லிக் கொடுப்பேன். பயிற்றுநர் நாற்காலியில் உட்காருபவர் கோட்டுக்காரர். மற்ற நாளெல்லாம் விளையாட்டுப் பொருட்களின் அறையைப் பார்த்துக்கொள்கிறவர். நரைத்த தலை, நல்ல உயரம், மூக்குக் கண்ணாடி. நரை அவருடையது, கோட்டு அலுவலகத்துடையது.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. சென்ற பார்வை நாளில் அந்த அறைக்குள் சில்வண்டு வந்து சேர்ந்தாள்.

முதலாண்டுப் பெண். படிக்கும்போது வாய்க்குள்ளேயே ரீங்காரம் போடுவாள். அறைத்தோழிகள் வைத்த பெயர் அது. அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். அவள் வீட்டிலும் அவளுக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. வாரத்துக்கு ஒரு தரமாவது என் மேசைக்கு வந்து நிற்பாள்.

“அக்கா, படிப்பறை எப்ப திறப்பாங்க?”

“சீக்கிரம் திறந்துடுவாங்கம்மா.”

“போன தடவையும் இதையேதான் சொன்னீங்க.”

“போன தடவை சொன்னதும் அதே சீக்கிரம்தான்.”

சிரித்துவிட்டுப் போவாள். கோபப்படத் தெரியாத பிள்ளை. அந்தக் கோபத்தையும் சேர்த்து நானே பட்டுக்கொண்டேன்.

அன்று உட்காரவேண்டிய பிள்ளை ஒன்றுக்குக் காய்ச்சல். நான் பெற்றோரோடு நீச்சல் குளத்தருகே நின்றுகொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் அவசரத்தில் தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த சில்வண்டைப் பிடித்து உள்ளே உட்காரவைத்துவிட்டார். எதையும் கேட்காதே என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் கண்டதெல்லாம் திறந்த கதவு, பலகை, நரைத்த தலையோடு ஒரு சார். கடைசியில் திறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

நான் கூட்டத்தோடு உள்ளே நுழையும்போது, புள்ளியியல் புத்தகத்தை விரித்துக் கோட்டுக்காரரின் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள்.

“சார், இந்த விலக்கத்தையெல்லாம் வர்க்கப்படுத்தறோம் இல்ல, அப்புறம் ஏன் சார் வர்க்கமூலம் எடுக்கறோம்? முதல்லயே சும்மா விட்டா என்ன?”

கோட்டுக்காரர் கண்ணாடியைச் சரிசெய்தார். “நல்ல கேள்வி.”

“பதில் சார்?”

“அது… எடுக்கணும்மா. எல்லாரும் எடுக்கறாங்க. நீயும் எடுத்துடு, வம்பு வேணாம்.”

ஒரு பையனின் அப்பா முன்னால் வந்தார். “சார் எந்தத் துறைங்க?”

கோட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. கோட்டுப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், போட்டுக்கொண்டார். அதற்குமேல் ஒருவரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

“ஸ்டோர்ஸுங்க. பந்து, மட்டை, வலை எல்லாம் நம்ம பொறுப்புதான்.”

யாரோ கொல்லென்று சிரித்தார்கள். சில்வண்டுக்கு அப்போதும் விளங்கவில்லை.

“பரவால்ல சார். கணக்குச் சொல்லித் தர்ற சார் எப்ப வருவாங்க? நான் வெயிட் பண்றேன்.”

அந்தக் குரலில் கிண்டல் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். இல்லை. உண்மையிலேயே காத்திருக்கத் தயாராக நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இரண்டு குடும்பங்கள் அங்கேயே திரும்பிப் போய்விட்டன. மறுநாள் மேடம் என்னைக் கூப்பிட்டார். அந்தப் பெண் காமிரா முன்னால் பேச வேண்டும்: அன்றைக்குப் பதற்றத்தில் குழம்பிவிட்டேன், தினமும் சாயங்காலம் இங்கேதான் படிக்கிறேன், எனக்கு நல்ல உதவி கிடைக்கிறது என்று. பேசவைப்பது என் வேலை.

சில்வண்டிடம் நான் அதைச் சொன்னபோது விடுதி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். முதல் தேர்வில் புள்ளியியலில் தோற்றிருந்தாள். அடுத்த மாதம் மறுதேர்வு. அதிலும் தோற்றால் இடம் போய்விடும். அது இருவருக்கும் தெரியும்.

“பேசிடறேன் அக்கா. பேசினா அறையைத் திறப்பாங்களா?”

அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

“திறக்கலைன்னா நான் வீட்டுக்கே போயிடறேன் அக்கா. அப்பாவுக்குத் தோத்துப் போனது இன்னும் தெரியாது. வெளிய அனுப்பினாங்கன்னு போய் நிக்கறதைவிட, பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போறது மேல்.”

“லூசு மாதிரி பேசாத. நான் சொல்லித் தரேன்.”

சொல்லிவிட்டேனே தவிர, எங்கே? கேன்டீனில் உட்கார்ந்தோம். துடைப்பத்தோடு வந்தவர் எங்கள் காலைத் தூக்கச் சொல்லி, பிறகு எங்களையே கிளம்பச் சொன்னார். நூலகத்தில் வாய் திறந்தால் வெளியே போ என்பார்கள். சில்வண்டுக்கு வாய் திறக்காமல் படிக்கவே வராது. விடுதி அறைக்குள் ஊழியர்கள் போகக்கூடாது. விடுதிக் கூடத்தில் தொலைக்காட்சி அலறும். படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தோம். ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் வழிவிட்டே ஒரு கணக்கு முடியவில்லை. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆரஞ்சு நாற்காலிகள் சும்மா கிடந்தன.

அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா ஆயத்த ஆடை ஆலையில் சட்டைகளுக்குப் பொத்தான் சரிபார்க்கிறார்.

“ஏண்டி, உன் வேலை என்ன?” என்றார்.

“வர்றவங்களுக்கு இடத்தைச் சுத்திக் காட்டுறது.”

“அப்ப காட்டிட்டு வா. வாயை வீட்டுல வெச்சுட்டுப் போ.”

“வாய்தாம்மா அங்க வேலையே பாக்குது.”

“ரொம்பத்தான். அந்தப் பொண்ணு போனா உனக்கென்ன நஷ்டம்? உன் கூடப் பொறந்தவளா?”

“என் படத்தைப் பாத்துட்டுத்தாம்மா இங்க சேர்ந்தா. அவ அப்பா அந்தப் படத்தைப் போன்ல எடுத்து வெச்சிருக்காராம். ‘நீயும் இப்படி நிக்கணும்’னு.”

அம்மாவுக்குப் பின்னால் தையல் இயந்திரங்கள் இரைந்தன.

“வேலையை விட்டுட்டு வந்து நின்னா திட்டுவேன், சொல்லிட்டேன்.”

“திட்டு.”

“சாப்பிட்டியா?”

“ம்.”

“சூப்பர்வைசர் வர்றாரு. வெச்சிடறேன்.”

இன்றைய பார்வை நாளில் கோட்டுக்காரரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டோம். பெற்றோரைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே பார்க்கவைத்தோம். மீன் தொட்டியைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டுக் கூடத்துக்குப் போனார்கள். பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பூட்டினேன். சாவியோடு நேராக இங்கே வந்தேன்.

“என் நேரத்துலதான் கேக்கறேன், மேடம். ஆறு மணியோட என் வேலை முடியுது. அதுக்கு மேல நான் உக்காந்து சொல்லித் தரேன். வேற ஆள் வேணாம்.”

மேடம் ஒருவழியாக நிமிர்ந்தார். அவர் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம். சேர்க்கைக் காலத்தில் எங்கள் பிரிவில் யாருக்குமே முகத்தில் உயிர் இருப்பதில்லை.

“உனக்கு மட்டும்தான் அக்கறைன்னு நினைக்காத. நானும் மேல கேட்டுப் பாத்தவதான். ஆள் போட மாட்டேங்கறாங்க.”

“அதான் நான் இருக்கேனே.”

“நீ ஒருத்திக்குத் திறப்ப. நாளைக்கு நாப்பது பேர் வந்து நிப்பாங்க.”

“நிக்கட்டுமே. அதுக்குத்தானே கட்டினீங்க?”

“உன்னால முடியாமப் போற அன்னிக்கு மூடணும். திறந்ததை மூடினா ஆயிரம் கேள்வி வரும். மூடியே கிடந்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. புரியுதா?”

புரிந்தது. இவ்வளவு நாளில் இந்த அலுவலகத்தில் நான் கேட்ட முதல் நேர்மையான பேச்சு அதுதான். அவரும் பேசிவிட்டுக் களைத்துப்போய் நாற்காலியில் சாய்ந்தார்.

“முதல்ல அந்தப் பொண்ணைக் காமிரா முன்னாடி உக்கார வை. சாவியை அப்புறம் பாக்கலாம்.”

“அப்புறம்னா எப்ப, மேடம்?”

“சேர்க்கை முடியட்டும்.”

சேர்க்கை முடிவதற்குள் மறுதேர்வு முடிந்துவிடும். சில்வண்டும் போயிருப்பாள். அவள் முகம் மட்டும் எங்கள் இணையதளத்தில் இருக்கும், தினமும் சாயங்காலம் இங்கேதான் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு. வாசலில் நான், இணையதளத்தில் அவள்.

சாவியை அவர் கையில் வைத்தேன்.

“நல்ல பொண்ணு,” என்றார். இழுப்பறையைத் திறந்து சாவியைப் போட்டார். “போம்மா. எழுதிக் குடுத்தது இருக்குல்ல?”

“இருக்கு. அதைத்தான் படிக்கப்போறேன். ஒரு எழுத்து மாத்த மாட்டேன். கடைசியில மட்டும் நேரம் சேர்த்துச் சொல்லுவேன்.”

“என்ன நேரம்?”

“படிப்பறை தினமும் சாயங்காலம் ஆறுலிருந்து எட்டு வரைக்கும் திறந்திருக்கும்னு. இன்னிக்கே இருந்து பாத்துட்டுப் போகலாம்னு. நாளைக்கும் வரலாம், எந்த நாளும் வரலாம், முன்கூட்டிச் சொல்லவேண்டியதில்லை, பிள்ளைங்களோட புத்தகத்தையும் கொண்டுவந்து கேக்கச் சொல்லுங்கன்னு.”

மேடத்தின் கை இழுப்பறையிலேயே நின்றது.

“உனக்குப் பைத்தியமா?”

“நீங்க பலகையில எழுதினதைத்தான் சொல்றேன். பொய்னா நீங்களே மைக்ல வந்து பொய்னு சொல்லுங்க.”

“இன்னிக்கே உன் வேலை போயிடும். நீ போயிட்டா அவங்களுக்கு யாரு சொல்லித் தருவா?”

“அதை நீங்கதான் பாக்கணும். கூடம் நிறைய ஆளுங்க வந்து கதவைத் தட்டப் போறாங்க. இந்தத் தடவை மேல கேட்டுப் பாருங்க, போடுவாங்க.”

“உக்காரு. பேசலாம்.”

இவ்வளவு நேரம் என்னை நிற்கவைத்தே பேசியவர். எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்தேன். நல்ல நாற்காலிதான். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. நேற்றே என் மேசையைக் காலி செய்திருந்தேன். தண்ணீர் பாட்டில், செருப்பு ஒரு ஜோடி, தலைவலித் தைலம். எல்லாம் தோளில் தொங்கிய பைக்குள் கிடந்தன.

“கூடத்துல காத்திருக்காங்க, மேடம்.”

கதவைத் திறந்தேன். வெளியே சுவரில் சாய்ந்தபடி சில்வண்டு நின்றிருந்தாள். கையில் புத்தகம், வாய்க்குள் ரீங்காரம். என்னைக் கண்டதும் நிறுத்தினாள்.

“சாவி கிடைச்சுதா அக்கா?”

“இல்ல. ஆறு மணிக்குப் போய்க் கதவு முன்னாடி நில்லு. யார் என்ன சொன்னாலும் நகராத.”

“யாராவது எதுக்கு நிக்கறன்னு கேட்டா?”

“கணக்கு சாருக்கு வெயிட் பண்றேன்னு சொல்லு.”

உள்ளே மேடத்தின் நாற்காலி பின்னுக்கு நகரும் சத்தம் கேட்டது. கூடத்தில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தச் சத்தத்தை நோக்கி நடந்தேன்.