மெதுவான தோட்டா

அட்டைப் பெட்டியில் விழுந்த ஓட்டை வட்டமாக இல்லை. நீளவாக்கில் கிழிந்திருந்தது. ரேவின் அதில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"குண்டு பக்கவாட்டுல புரண்டு போயிருக்கு."

அவள் அண்ணன் கார்த் துப்பாக்கியை இறக்கி, முனையில் மாட்டியிருந்த சைலன்சரின் வாயைத் தடவினான். உள்விளிம்பில் புதுக் கீறல் ஒன்று பளபளத்தது.

"இந்தத் தோட்டா எல்லா மான் துப்பாக்கியிலயும் ஓடும்னு கடைக்காரன் சொன்னான்."

"ஓடும்தான். எங்க ஓடும்னு அவன் சொல்லலியே."

கார்த் சிரிக்கவில்லை. செம்மறி ரோமம் கத்தரிக்கும் கொட்டகைக்குப் பின்னால் இருந்த அந்தப் பள்ளத்துக்கும் டஸ்கியின் முனகல் கேட்டது. விடியற்காலையிலிருந்து குதிரைக்குக் குடல் முறுக்கிக்கொண்டிருந்தது. விழுந்து, புரண்டு, எழுந்து, மறுபடியும் விழுந்தது. கால்நடை டாக்டர் மலைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பசுவின் பிரசவத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்கு முன்னால் வர முடியாது, அதுவரை அதை வதைக்க வேண்டாம், நீங்களே முடித்துவிடுங்கள் என்று போனில் சொல்லிவிட்டார்.

முடிப்பது பெரிய காரியமில்லை, வேறு எந்த நாளாக இருந்தாலும். இன்று முன்னறையில் ஜன்னலோரம் அப்பா மெர்வின் படுத்திருந்தார். காலையில் அம்மாவின் கை தவறி ஒரு மூடி கீழே விழுந்தது. மெர்வின் விழித்துக்கொண்டு போர்வையை இரண்டு கையாலும் பற்றி, எதையோ கண்டவர் போல நடுங்கினார். நடுக்கம் அடங்க நர்ஸ் மருந்தைக் கூட்ட வேண்டியிருந்தது. "இன்னைக்கோ நாளைக்கோதான். பயமில்லாம போகட்டும், சத்தம் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதிலிருந்து அம்மா வீட்டுக்குள் செருப்புப் போடவில்லை. நாய்களைப் பக்கத்துப் பண்ணைக்கு அனுப்பியாயிற்று.

அதனால்தான் கார்த் இந்த மெதுவான தோட்டாக்களை வாங்கி வந்தான். ஒலியைவிட மெதுவாகப் போகும் என்பதால் இவற்றுக்குக் காற்றைக் கிழிக்கும் சத்தம் கிடையாது. சைலன்சர் போட்டால் வெடிமருந்தின் சத்தமும் அமுங்கும். ஆனால் கனமான குண்டு அந்த வேகத்தில் நேராகப் போக வேண்டுமானால் குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் திருகுப் புரி நெருக்கமாக இருக்க வேண்டும். கார்த்தின் துப்பாக்கியில் புரி அகலம்.

"நெத்திகிட்ட வச்சு சுடறதுக்கு நேரா போனா என்ன, புரண்டா என்ன?"

"சைலன்சருக்குள்ளயே மோதி உடைஞ்சா? பாதி குண்டு அது கண்ணுல போனா?"

"சரி, சாதாரணத் தோட்டாவே போடுவோம்."

"அதுக்கு சைலன்சர் போட்டாலும் சத்தம் மலையில மோதித் திரும்பி வரும், கார்த். அப்பாவை அப்படி எழுப்பப் போறியா?"

"அப்பாவோட முயல் துப்பாக்கி?"

அவளும் அதை யோசித்திருந்தாள். அதில் மெதுவான தோட்டா போட்டால் கைதட்டும் சத்தம்கூட வராது. ஆனால் முயலுக்கு உண்டான சின்னக் குண்டு அது. போதாக்குறைக்குத் தானாகத் தோட்டா ஏறும் ரகம். மெதுவான தோட்டாவுக்கு அதன் பொறி முழுதாகப் பின்னால் போகாமல் பாதியில் சிக்கிக்கொள்ளும். முதல் குண்டு தவறினால், வலியில் துடிக்கும் குதிரை முன்னால் நின்று பொறியைக் கையால் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"ஹெமியைக் கூப்பிடு" என்றாள்.

பக்கத்துப் பண்ணை ஹெமி தன் மண்வெட்டும் இயந்திரத்தையே ஓட்டிக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வெகு தூரத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, தோளில் குட்டையான துப்பாக்கியோடு நடந்து வந்தான். வீடுகள் நெருக்கமான இடங்களில் மேய்ச்சலை நாசமாக்கும் காட்டாடுகளைச் சுட அவன் வைத்திருப்பது. இந்தத் தோட்டாவுக்கென்றே செய்தது. நெருக்கமான புரி, தோட்டாவைக் கையால் ஏற்றும் ரகம்.

"நான் சுடட்டுமா?" என்றான்.

"புது ஆள் கிட்ட வந்தா தலையை ஆட்டும். நானே செய்யறேன்."

"லைசென்ஸ் இருக்கில்ல?"

"நீ டயப்பர்ல இருந்தப்பவே எடுத்தாச்சு."

"அப்ப சரி, கிழவி." அவன் குரல் தணிந்தது. "கண்ணுலருந்து எதிர்ப்பக்கத்துக் காதுக்கு ரெண்டு கோடு. குறுக்கே வெட்டற இடத்துக்குக் கொஞ்சம் மேல. சாய்வு கழுத்துப் பக்கமா இருக்கட்டும்."

ரேவினுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டாள். ஹெமி முதலில் பள்ளத்தில் ஒரு தோட்டாவைச் சுட்டுக் காட்டினான். ஓட்டை வட்டமாக விழுந்தது. வீட்டு வராந்தாவில் நின்ற அம்மா கையை அசைத்தாள். கேட்கவில்லை என்று அர்த்தம். அப்புறம் அதே கையால் வீட்டுக்குள் சுட்டிக்காட்டி, சீக்கிரம் என்று சைகை செய்தாள்.

ரேவின் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். நான் இங்கே நிற்கும்போதே அங்கே முடிந்துவிட்டால்? உள்ளே ஓடிப் பார்த்துவிட்டு வரலாமா? கீழ்ப்புல்வெளியில் டஸ்கி மண்டியிட்டு, வியர்வையில் கறுத்து, பற்களைக் கடித்துக்கொண்டிருந்தது. அப்பா பழக்கிய குதிரை. அவருக்கு அப்புறம் இவளைத்தான் முதுகில் ஏற்றியது. ரேவின் கன்னத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அதன் காதருகே அவர் எப்போதும் செய்வது போல நாக்கால் சொடுக்கினாள். டஸ்கி தலையை ஆட்டாமல் நிறுத்தியது.

பீரோ கதவைச் சாத்தியது போல ஒரு சத்தம். அவ்வளவுதான். கால்கள் ஒரு முறை நீண்டன. கார்த் குனிந்து கண்மணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான்.

அவள் துப்பாக்கியை ஹெமியிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

அப்பா விழித்திருந்தார். நடுக்கமில்லை. முகம் ஜன்னல் பக்கம் இருந்தது.

"நின்னுடுச்சே" என்றார்.

ரேவின் அம்மாவைப் பார்த்தாள். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எதுப்பா?"

"காலையிலருந்து முனகிட்டிருந்தது. யாராவது ஏதாவது செய்ய மாட்டீங்களான்னு படுத்திருந்தேன்."

காலையிலிருந்து. அவர்கள் செருப்பைக் கழற்றி, மூடியை ஒளித்து, நாயை அனுப்பிய அத்தனை நேரமும்.

"சொல்லியிருக்கலாமேப்பா."

"நீங்கதான் ஒருத்தரும் பேசவே இல்லியே." மூச்சு எட்டவில்லை. காத்திருந்து பேசினார். "ஒரே வெடியா?"

"ஒரே வெடிதான்."

"யாரு?"

"நான்."

அவர் கை போர்வைமேல் நகர்ந்து அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. அதில் குதிரையின் வியர்வை இன்னும் காயவில்லை. அவர் விடவில்லை.

"ஹெமி மிஷினைக் கொண்டு வந்திருக்கானா? தோண்டச் சொல்லு. ஆழமா."

"சத்தம் வருமேப்பா."

"வரட்டுமே."

அம்மாவே போய்ச் சொன்னாள். கீழ்ப்புல்வெளியில் எஞ்சின் முழங்கத் தொடங்கியது. ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. மெர்வின் கண்ணை மூடிக்கொண்டு, வண்டியில் தூங்குகிறவரைப் போல அந்த அதிர்வோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இடைவெளிகள் நீண்டன. கார்த் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றான். ஓர் இடைவெளி முடியவே இல்லை. அம்மா இன்னொரு மூச்சுக்காகக் குனிந்து காத்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ரேவின் வெறுங்காலோடு வராந்தாவுக்கு வந்தாள். கூப்பிடவில்லை, கையையும் அசைக்கவில்லை. கீழே ஹெமி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். எஞ்சின் நின்றது. தூக்கிய நிலையில் நின்றுவிட்ட இயந்திரக் கையிலிருந்து மண் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து குழிக்குள் விழுந்துகொண்டிருந்தது.