கப்பல் அர்த்தம்

“நைனா, ஒரே மாதிரி முடியிற வார்த்தைங்க எல்லாம் சொந்தக்காரங்களா?” என்று ஒரு நாள் மங்கை கேட்டாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. இராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறை வீட்டில், அவளுடைய அப்பா பொன்னுரங்கம் சுவரில் சாய்ந்தபடி டிப், லிப், நிப், கிப் என்று இங்கிலீஷ் வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“பாட்டுல சொந்தம்மா. மத்த நேரம் ஒண்ணை ஒண்ணு கண்டுக்காது” என்றார் அவர்.

அவர் பள்ளிக்கூடத்தில் தமிழும் இங்கிலீஷும் எழுத்துக் கூட்டப் படித்ததோடு சரி. இந்த வார்த்தைகள் துறைமுகத்தில் கிடைத்தவை. மூட்டை இறக்கும் கூட்டத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர் அவர். கயிறு இழுக்கும்போது முன்னால் நிற்பவன் ஒரு வார்த்தை கொடுப்பான். மற்றவர்கள் அதே ஓசையில் முடிகிற இன்னொன்றைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இழுப்பார்கள். மாலுமிகளின் வாயிலிருந்து உதிர்ந்ததெல்லாம் அந்தப் பாட்டுக்குள் வந்து சேர்ந்துவிடும். அர்த்தமும் மாலுமிகள் சொன்னதுதான். நிப் என்றால் ஒரு மடக்குச் சாராயம். கிப் என்றால் தூக்கம். லிப் என்றால் எதிர்த்துப் பேசும் திமிர்.

1952ஆம் ஆண்டு ஒரு சரக்குக் கட்டு சரிந்து அவருடைய வலது தோள் முறிந்தது. எலும்பு கூடியது, பாரம் தூக்கும் பலம் திரும்பவில்லை. மனைவி கன்னியம்மா இறால் உரித்த கூலியில் அடுப்பு எரிந்தது. அந்தச் சமயத்தில் சரக்கு இறக்கும் கம்பெனியில் டேலி கிளார்க் வேலை ஒன்று காலியானது. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் வேலை. அது கிடைக்காவிட்டால் மங்கையின் படிப்பை நிறுத்தி, அவளையும் இறால் உரிக்க அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

கம்பெனி மேனேஜர் முன்பு கப்பலில் உத்தியோகம் பார்த்தவர். அவர் அறிவித்த பரீட்சை விசித்திரமானது. சின்னச் சின்ன வார்த்தைகள் இருபது. ஒவ்வொன்றுக்கும் அகராதியில் இருக்கும் அர்த்தத்தையும் கப்பலில் வழங்கும் அர்த்தத்தையும் எழுத வேண்டும். காகிதத்தில் வருவது ஒரு பாஷை, மேல்தளத்திலிருந்து கத்துவது இன்னொரு பாஷை, இரண்டும் தெரியாதவன் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பொன்னுரங்கத்துக்குப் பாதிதான் தெரியும். மறு பாதி வண்ணாரப்பேட்டையில் பழைய பேப்பர் கடை வைத்திருந்த பஷீரிடம் இருந்தது. அவனிடம் அட்டை போன இங்கிலீஷ்-தமிழ் அகராதி ஒன்று உண்டு. ஆனால் அவனும் அதே வேலைக்கு மனுப் போட்டிருந்தான். பொன்னுரங்கம் கூச்சத்தோடு போய்க் கேட்டார். பஷீர் பிரிந்த தாள்களை அடுக்கி, நூலால் கட்டி, அவர் கையில் கொடுத்தான்.

“உனுக்கும் அந்த வேலை வோணும். எனுக்கு எப்டி பாய் குடுக்கறே?”

“நான் படிச்சி முட்ச்சிட்டேன் அண்ணாத்தே. சும்மா கெடக்கிறதைப் பூட்டி வெச்சி இன்னா பண்றது? ஆண்டவன் யாருக்கு எழுதிக்கீறானோ அவனுக்கு.”

ஐந்து நாள் அவர் அந்தத் தாள்களோடு கிடந்தார். நிப் என்றால் கிள்ளுவது. கிப் என்றால் கன்றுத் தோல். லிப் என்றால் வெறும் உதடு. ஆறாம் நாள் அகராதியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பஷீர் டீ வாங்கிக் கொடுத்தான். பிறகு கேட்டான்.

“கப்பல்ல இதுக்கெல்லாம் வேற அர்த்தமாமே. எனுக்கு ஒண்ணும் தெர்ல. நாலு சொல்லேன், அண்ணாத்தே.”

பொன்னுரங்கத்தின் கண்முன் இறால் முள் குத்திய சின்னக் கைகள் வந்து நின்றன.

“அதெல்லாம் பெருசா ஒண்ணும் இல்ல பாய். புக்குல கீறதுதான்.”

பஷீர் நம்பினான். பரீட்சையில் கப்பல் அர்த்தம் கேட்ட இடத்திலெல்லாம் அகராதி அர்த்தத்தையே மறுபடி எழுதினான். வேலை பொன்னுரங்கத்துக்குக் கிடைத்தது. ஆபீஸ் வாசலில் பஷீர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். கிளார்க் ஐயா இனிமேல் நம்மைக் கண்டுகொள்வாரா என்று கேலி செய்து சிரித்தான். அந்தச் சிரிப்பில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை.

முதல் சம்பளம் வந்ததும் கன்னியம்மா அவரைத் திருவொற்றியூருக்கு அழைத்துப் போனாள். வடிவுடையம்மன் சந்நிதியில் கற்பூரத் தட்டு அவர் முன்னால் வந்து நின்றது. கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கை எழவில்லை. தோள் வலிக்கிறதோ என்று கன்னியம்மா கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தார்.

நான்காம் மாதம் இன்னொரு கிளார்க் வேலை காலியானது. பரீட்சை அதேதான். பஷீர் மறுபடியும் மனுப் போட்டிருப்பது தெரிந்தது. பொன்னுரங்கம் ஒரு நோட்டு வாங்கினார். தினமும் சாப்பாட்டு வேளையில் சரக்குக் கிடங்கின் நிழலில் உட்கார்ந்து, கயிறு இழுத்த பாட்டை மனதுக்குள் பாடிப் பாடி எழுதினார். ஒரு பக்கம் வார்த்தை, எதிர்ப்பக்கம் கப்பல் அர்த்தம். இருநூறுக்கு மேல் சேர்ந்தது. சந்தேகம் வந்த இடத்தில் பழைய கூட்டாளிகளைக் கேட்டுத் திருத்தினார்.

நேரில் கொடுத்தால் பஷீர் நன்றி சொல்வான், டீ வாங்கிக் கொடுப்பான். அந்த டீயை இன்னொரு முறை குடிக்க அவரால் ஆகாது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றும் நினைத்தார். சொன்னால் தன் மனம் ஆறும். பரீட்சைக்குப் போகிறவன் மனம் கலங்கும். முதலில் அவன் பரீட்சை முடியட்டும், பிறகு சொல்கிறேன் என்று கடவுளிடம் தவணை கேட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் பஷீர் தொழுகைக்குப் போயிருந்தான். கடை சாத்தியிருந்தது. வாசலில் அன்று வந்த காகிதக் கட்டு ஒன்று பிரிக்கப்படாமல் கிடந்தது. எந்தக் கட்டு வந்தாலும் தாள் தாளாகப் பார்த்து, இங்கிலீஷ் எழுத்து கண்ணில் பட்டால் எடுத்து வைத்துப் படிப்பது பஷீரின் வழக்கம். தெருவில் ஒருவரும் இல்லை. பொன்னுரங்கம் குனிந்து சணலைத் தளர்த்தினார். மேலேயிருந்த செய்தித்தாளுக்கு அடியில் நோட்டைச் செருகினார். அதில் பெயர் எழுதியிருக்கவில்லை. சணலை முன்போலவே இறுக்கி முடிந்துவிட்டு, இரண்டு மணிக் கப்பலுக்கு நேரமாகிவிட்டதால் துறைமுகத்தை நோக்கி வேகமாக நடந்தார்.