ரெண்டங்குலப் பலகை

ஜூலைக் கடைசி இரண்டு வாரம் எங்கள் ஷாவினிகன் ஊரில் ஒரு தச்சனைப் பிடிக்க முடியாது. கட்டட வேலைக்காரர்கள் எல்லாருக்கும் சேர்த்து விடுமுறை விடுவது அப்போதுதான். அந்த நாளில் ஒரு வீட்டுக் கொல்லையில் சுத்தியல் சத்தம் கேட்டால், அங்கே உதவிக்கு மச்சான் வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

எனக்கும் ஒரு மச்சான் உண்டு. லூசியன். என் மனைவி ஒடெத்தின் அண்ணன், நாற்பது வருஷத் தச்சர். மூன்று வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

காரணம் ஒரு ஆரஞ்சுப் பழம். கிறிஸ்துமஸ் விருந்தில், நான் என் கையால் செய்த சமையலறை மேசைமேல் அதை வைத்தார். அது தானாக உருண்டு கீழே விழுந்தது. "மாப்ள, உன் மேசை மலை ஏறுதே!" என்றார். வீடே சிரித்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். "இனிமே என் வாசப்படிய மிதிக்காதீங்க" என்று கத்திவிட்டேன். அவரும் ரோஷக்காரர், மிதிக்கவில்லை.

அடுத்த வருஷம் ஒடெத்துக்குப் பக்கவாதம் வந்தது. அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோதெல்லாம் நான் காப்பி குடிக்கப் போய்விடுவேன். அவளுடைய இடது காலில் பாதி உயிர்தான் திரும்பியது. தண்ணீருக்குள் நடந்தால் மீதியும் வரலாம் என்றாள் பயிற்சி கொடுக்கும் பெண். நான் தெருப்பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவன். தரைமேலேயே நிற்கும் வட்டமான தகர நீச்சல்குளம் ஒன்றை வாங்கிக் கொல்லையில் நிறுத்தினேன். விளிம்பு என் நெஞ்சுயரம். ஏணி அவளுக்கு ஆகாது. குளத்தைச் சுற்றி மர மேடை, மேடைக்குப் படிக்கட்டு, வேறு வழியில்லை. எங்கள் கோடைக்கு ஆயுசே பத்து வாரம். அதில் ஐந்து போயிருந்தது. அடுத்த ஜூன் வரை அந்தக் கால் காத்திருக்குமா?

தச்சன் கிடைக்காத விடுமுறை வாரம், நானே படம் போட்டேன். குளிர்காலத்தில் உறைந்து பொங்கும் மண் தூணைத் தூக்கிவிடாதபடி ஐந்தடி ஆழம் குழி தோண்டினேன். மேடை நின்றது, ஆடவில்லை. படிக்கு முன்னால் ஒடெத்தின் காலை அளக்க வேண்டும். சமையலறையில் ரெண்டங்குலப் பலகைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். மூன்று வரை ஏறினாள். நான்காவதில் கட்டைவிரல் இடித்தது.

"மூணு, ரெமி. அதுக்கு மேல கேக்காத."

மூவிரண்டு ஆறு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. ஆறங்குல உயரத்தில் எட்டுப் படி வெட்டினேன். மனசுக்குள் லூசியனைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை நீச்சலுடையும் தோளில் துண்டுமாக ஒடெத் வந்தாள். கைப்பிடியைப் பிடித்து இடது காலைத் தூக்கினாள். இடித்தது. மறுபடி தூக்கினாள், மறுபடி இடித்தது. மூன்றாம் தடவை காலைத் தூக்கவே இல்லை.

"நேத்து முடிஞ்சுதே, ரெமி! ஒரே ராத்திரியில என் காலு இன்னும் மோசமாயிடுச்சா?"

புல்தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் உள்ளே போய், மூன்று வருஷமாகத் தொடாத எண்ணை அழுத்தினேன். "மச்சான், ஒடெத் அழுறா" என்றேன். உடனே போனை வைத்துவிட்டேன்.

இருபது நிமிஷத்தில் வந்தார், கொல்லைக் கதவு வழியாக. "உன் வாசப்படிய மிதிக்கல மாப்ள, பயப்படாத" என்றார். படியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். நேற்று அவள் மூன்று பலகை ஏறியதையும் என் ஆறங்குலக் கணக்கையும் சொன்னேன். கிடந்த பலகைத் துண்டு ஒன்றை எடுத்து அதன் கனத்தில் அளவுநாடாவை வைத்தார். ஒன்றரை அங்குலம்.

"பேருதான் ரெண்டு. அறுக்கும்போது ரெண்டு, காஞ்சு இழைச்சப்புறம் ஒன்னரை. மரக்கடைப் பூனைக்குக்கூடத் தெரியுமேய்யா!" பிறகு அவள் பக்கத்தில் குந்தினார். "தங்கச்சி, நேத்து நீ ஏறினது நாலரை. இந்த அறிவாளி வெட்டினது ஆறு. உன் காலுக்கு ஒண்ணும் ஆகல. இவன் கணக்குக்குத்தான் பக்கவாதம்."

ஒடெத் அழுதுகொண்டே சிரித்தாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனால் அந்த நிமிஷம் அவர் என்னை என்ன திட்டியிருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

இரண்டு நாள் சேர்ந்து வேலை செய்தோம். எட்டுப் படி பதினொன்றானது. குளத்துக்குள் இறங்கும் படியையும் அதே அளவில் செய்தார். வெளிப்படிக்கட்டு நீண்டுபோய் என் தக்காளிப் பாத்தியை விழுங்கியது.

"வீட்டுக்குப் படியா, கோயிலுக்குப் படியா மச்சான் இது?"

"நீ முட்டி போட்டு ஏறு. செஞ்ச பாவமாவது போகும்."

மூன்றாம் நாள் ஒடெத் சத்தமாக எண்ணிக்கொண்டு ஏறினாள். ஏழில் நின்று மூச்சு வாங்கினாள். பதினொன்று என்றபோது என் கண் நிறைந்துவிட்டது. தண்ணீரில் இறங்கி, விளிம்பைப் பிடித்தபடி மெல்ல நகர்ந்தாள்.

"அண்ணே, நடக்குதுண்ணே! தானா நடக்குது!"

லூசியன் மூக்கைச் சிந்தினார். அப்புறம் கருவிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு கொல்லைக் கதவை நோக்கி நடந்தார்.

"மச்சான், அது திருடன் போற வழி. முன்னால வாங்க. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தார். வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்று குனிந்து பார்த்தார். பிறகு கால் வைத்தார். சமையலறையில் பழக்கிண்ணத்திலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்தார். எனக்குப் பக்கென்றது. அவர் அதை மேசைமேல் வைக்கவில்லை. உரித்து, பாதியை என்னிடம் நீட்டினார்.