என்ஜினுக்கு வைத்த பொட்டு

தீனதயாளன் சார் கார்ச் சாவியை ஜெபசிங்கின் உள்ளங்கையில் வைத்தபோது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"பாத்துக்கோ."

திட்டியிருந்தால்கூட, எச்சரித்திருந்தால்கூட தாங்கிக்கொண்டிருக்கலாம். அந்த ஒற்றை வார்த்தைதான் ஜெபசிங்குக்குப் பாரமாக இருந்தது.

சார் அணுபுரத்தில் பெரிய இன்ஜினியர். ஜெபசிங் அங்கே ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேன்களைப் பழுது பார்ப்பவர். சாருக்கு இருந்த ஒரே ஆசை அந்தப் பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதை ஓட்டிப் போகும்போது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்க்கலாம். அதன் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய காலம் தாண்டிவிட்டது. பெரிய ஒர்க்ஷாப் எதிலும் விட மனமில்லாமல், பூஜை விடுமுறைக்கு மகள் வீட்டுக்குப் புறப்பட்டவர், வண்டியை ஜெபசிங்கின் வீட்டிலேயே நிறுத்திவிட்டுப் போனார். திங்கட்கிழமை வந்துவிடுவார்.

வீடு என்றால் வாடகை வீடு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோரக் குப்பத்தில் லோகுவின் வீட்டுப் பின்பகுதி. லோகு கடலுக்குப் போகிறவன். படகு என்ஜின் வைக்கும் தகரக் கொட்டகையில் காருக்கும் இடம் ஒதுக்கித் தந்தான். "ஜெர்மன்காரன் வண்டி நம்ம வலைக்குப் பக்கத்துல நிக்குதுடா மச்சான், மீன் வாசன புடிச்சிக்கப் போவுது" என்று கேலியும் செய்தான்.

புதன்கிழமை ஜெபசிங் முன்பக்கத்தைப் பிரித்தார். என்ஜினில் மேலே ஒரு பல்சக்கரம், கீழே ஒரு பல்சக்கரம். இரண்டையும் பல் வைத்த ரப்பர் பெல்ட் ஒன்று சேர்த்துப் பிடித்து ஒரே தாளத்தில் ஓட வைக்கிறது. அந்தத் தாளம் ஒன்றிரண்டு பல் பிசகினாலும், வேகமெடுக்கும்போது உள்ளே வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். என்ஜின் அன்றோடு சரி. அதனால் இரண்டு சக்கரங்களையும் நேர்நிலையில் நிறுத்தி, எழுத்துப் பிழை அழிக்கும் வெள்ளை மையால் சக்கரத்திலும் அதன் எதிரே என்ஜின் உடம்பிலும் குறி வைத்தார். பழைய பெல்ட்டைக் கழற்றினார். கீழ்ச் சக்கரத்தின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டியபடியே விட்டுவிட்டு, மறுநாள் மனைவி ரூத்துடன் கருங்குழிக்குப் போனார். ரூத்தின் அக்கா ஹெலன் வீட்டில் ஜெபக்கூட்டம்.

வெள்ளி மதியம் திரும்பியபோது கொட்டகையின் வாசலில் பூசணிக்காய் உடைத்த சிவப்புக் கறை. உள்ளே சாம்பிராணி வாசனை. படகு என்ஜினுக்குக் கதம்பமாலை. காரைத் தாங்கி நின்ற நான்கு முட்டுகளின் அடியிலும் எலுமிச்சம்பழம். சுத்தியல், திருப்புளி, ஸ்பேனர் என்று ஒன்று பாக்கியில்லாமல் சந்தனமும் குங்குமமும். என்ஜினின் மேல்சக்கரத்தில் மூன்று பொட்டு. கீழ்ச் சக்கரத்தில் ஒன்று.

வெள்ளைக் குறி ஒன்றைக்கூடக் காணோம்.

"வந்துட்டியாண்ணா?" லோகுவின் மனைவி பானுமதி முந்தானையில் கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள். "ஆயுத பூஜைக்கு எங்க சாமானுக்கு மட்டும் வெச்சிட்டு உன்னுத விட்டா நல்லாவா இருக்கும்? அந்த ஜெர்மன் என்ஜின் மேல பாரு, காக்கா எச்சம் மாதிரி வெள்ள வெள்ளயா கெடந்துச்சு. கெரசின் வெச்சி நல்லாத் தொடச்சிட்டேன்."

ஜெபசிங் சக்கரங்களின் மேல் குனிந்தார். "எதையாவது திருப்புனியா? சக்கரத்தத் தொட்டியா? சொல்லு!"

கத்த வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் குரல் தகரத்தில் மோதித் திரும்பி வந்தது. பானுமதியின் முகம் சுருங்கிவிட்டது.

"இல்லண்ணா. தொடச்சேன், பொட்டு வெச்சேன். அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவர் மனத்தைத் தேற்றிக்கொண்டார். குறி போனால் போகட்டும். சக்கரங்கள் நகரவில்லை அல்லவா? நின்ற நிலையிலேயே புது பெல்ட்டை மாட்டினால் போதும். மாட்டினார். மேல்சக்கரத்தில் உட்கார்ந்த பெல்ட், கீழே வந்ததும் பல்லோடு பல் சேராமல் நின்றது. ஒரு பல் தள்ளினால் சேர்ந்தது. இந்தப் பக்கம் ஒரு பல் இழுத்தாலும் சேர்ந்தது. எது சரி? புது பெல்ட் என்றால் அப்படித்தான் இருக்குமோ? போனில் வீடியோவை ஓட்டிப் பார்த்தார். அதில் ஒரு வெள்ளைக்காரன் சிரித்துக்கொண்டே வேலை செய்தான். முக்கியமான இடத்தில் அவன் கையே மறைத்தது. கழற்றினார், மாட்டினார். மறுபடி கழற்றினார். மூன்றாம் தடவை, தான் முதலில் எப்படி மாட்டினோம் என்பதே மறந்துவிட்டது. நேற்று முன்தினம் தான் குறி வைத்ததே கனவோ என்றுகூடத் தோன்றியது.

கையால் சுற்றிப் பார்க்கலாம். ஆனால் ஒரு பல் பிசகியிருந்தால் கைக்குத் தெரியாது. வேகமெடுத்த பிறகு தெரிந்து என்ன பயன்? "பாத்துக்கோ" என்று சொன்ன மனிதரின் முகத்தில் திங்கட்கிழமை எப்படி விழிப்பது?

ரூத் டீ கொண்டுவந்து வைத்தாள். "ஏங்க, பானு அடுப்படில அழுதுகினு கீது."

"நான் இன்னா பண்ணிட்டேன்? ஒரு கேள்விதான கேட்டேன்?"

"கேள்வியா அது? ஸ்டேஷன்ல வெச்சிக் கேக்குற மாதிரி இருந்துச்சு. அப்பிடிக் கேட்டா எவ 'ஆமா'ன்னு சொல்லுவா?"

ஜெபசிங் டீயைக் குடிக்கவில்லை.  கர்த்தரிடம் கேட்க அவரிடம் பெரிய ஜெபம் எதுவும் இல்லை. எனக்கு ஒண்ணும் புரியல என்று மட்டும் மனசுக்குள் சொன்னார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு லோகுவின் அடுப்படி வாசலுக்குப் போனார்.

"பானும்மா, சுண்டல் மிச்சம் கீதா?"

அவள் திரும்பிப் பார்க்காமலே ஒரு தட்டில் சுண்டலும் பொரியும் வைத்து நீட்டினாள். அவர் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். தேங்காய்ப் பல் கடிபட்டது.

"உன்னண்ட கத்துனது என் தப்பும்மா. மனசுல வெச்சிக்காத. இத்தினி வருசமா அந்த ஸ்பேனருங்க எனக்குச் சோறு போடுது. நான் ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் ஜெபம் பண்ணுவேன், அதுங்களுக்கு ஒரு நாள் கூடப் பண்ணதில்ல. நீதான் நெனச்சிப் பாத்துக்கீற."

பானுமதிக்கு மூக்கு சிவந்திருந்தது. அதற்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது. "ஸ்பேனருக்கு யாராவது ஜெபம் பண்ணுவாங்களாண்ணா?"

"பண்ணியிருந்தா இன்னிக்கி இந்தப் பேஜாரு இல்ல."

அவள் எதிரே குந்திக்கொண்டாள். புடவை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணா, கீழ கீற சக்கரத்துல மேல் பக்கம் ஒரே எண்ணப் பிசுக்கு. எவ்ளோ தொடச்சாலும் பொட்டு நிக்கல. அதான் அந்த ஸ்பேனர லேசா அமுக்குனேன். ஒரு வெரக்கட வந்திருக்கும். சுத்தமா கீற பக்கம் மேல வந்துச்சு, அதுல வெச்சேன். நீ கேட்டப்ப பயந்துட்டேன்."

சுண்டல் எடுத்த கை பாதியில் நின்றது. ஒரு விரற்கடை. அந்த நிலையில் பெல்ட்டை இறுக்கி, சாவியைத் திருப்பியிருந்தால்? என்ஜின் அங்கேயே போயிருக்கும். ஆனாலும் இரண்டு மணி நேரமாக மண்டைக்குள் கட்டியிருந்த புகை விலகுவதுபோல் இருந்தது.

"தெய்வமே," என்றார். "நல்லவேள சொன்னம்மா. வா, நீதான் எனக்குக் கண்ணு. டார்ச் புடி."

முன்பே கழற்றி வைத்திருந்த, கீழ்ச் சக்கரத்தின் மேல் உட்காரும் வெளிக் கப்பியையும் பெல்ட்டின் உறையையும் மறுபடி பொருத்தினார். கம்பெனிக்காரன் வெட்டிய சிறு கோடு கப்பியில் இருந்தது. அதற்கான அம்பு உறையில் இருந்தது. இது மட்டும் போதாது என்று, பிளக் கழற்றிய ஓட்டைக்குள் ஒரு நீளத் திருப்புளியை பிஸ்டன் தலையில் படும்படி நிறுத்தினார். அவர் ஸ்பேனரால் கீழ்ச் சக்கரத்தை மெல்லச் சுற்ற, திருப்புளி ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது பானுமதியின் வேலை.

"ஏறுதுண்ணா... ஏறுது... ஏறுது... நின்னுட்சு!"

கோடு அம்புக்கு நேராக வந்திருந்தது. மேல்சக்கரத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷால் மெல்லத் தேய்த்தார். சந்தனத்துக்கு அடியில் அதன் கோடும் இடம் மாறாமல் இருந்தது. கப்பியையும் உறையையும் அசையாமல் எடுத்துவிட்டு பெல்ட்டை மாட்டினார். இந்த முறை அது முரண்டு பிடிக்கவில்லை; பல்லோடு பல் பதிந்தது. பெல்ட்டை இறுக்கி, கப்பியையும் உறையையும் திரும்ப வைத்து, ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று சுற்றினார். கோடுகள் இரண்டும் திரும்ப வந்து அதே இடத்தில் நின்றன. இருந்தாலும் இன்னும் இரண்டு சுற்று சுற்றினார்.

சனிக்கிழமை காலை எல்லாம் பூட்டி முடித்தபோது லோகு கடலிலிருந்து வந்திருந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்தான். "ஏம்மே, ஜெர்மன்காரனுக்கே டைமிங்கு வெச்சிக் குடுத்தியா நீ?"

"தே, சும்மா கெட" என்றாள் அவள். ஆனால் ரூத்தின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

ஜெபசிங் கண்ணை மூடி, திறந்து, சாவியைத் திருப்பினார். ஒரு கணம் இழுத்தது. பிறகு கொட்டகைத் தகரம் முழுவதும் அதிர, என்ஜின் ஒரே சீராக உறுமத் தொடங்கியது. தட்டல் இல்லை, உரசல் இல்லை. அவர் ஐந்து நிமிடம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அணைத்ததும் பானுமதி கிட்டே வந்தாள். "அண்ணா, சாரண்ட சொல்லிடாத."

"சொல்லுவேன்" என்றார் அவர். "ஸ்பேனர மாட்டிட்டு ஊருக்குப் போன என்னையும் சொல்லுவேன். நீ உண்மையச் சொன்னதால வண்டி பொழச்சதையும் சொல்லுவேன். பயப்படாத, அவரு கத்துற ஆளு இல்ல."

சொல்லிவிட்டு, அவள் எதிரிலேயே போனை எடுத்து சாரின் எண்ணை அழுத்தினார்.