தாட்சாயணியின் முதல் பிளேட்டு

ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்த மறுவருஷம். ஆந்திரப் பக்கம் போய்விட்ட நகரி ஊர்ச் சுவர்களில் தமிழர்கள் 'எங்களை மெட்ராஸோடு சேர்' என்று கரியால் எழுதியிருந்தார்கள். தாட்சாயணிக்கு அப்போது பதினோரு வயசு. மெட்ராஸ் மாமா கிராமபோன் பெட்டி ஒன்றை அனுப்பியிருந்தார், ஆனால் அதில் போட்டுக் கேட்கப் பாட்டு பிளேட்டு ஒன்றுகூட இல்லை. மாசக்கணக்கில் அவள் நச்சரித்த பிறகு அவள் 'நைனா' என்று கூப்பிடும் அப்பா கன்னையா திருப்பதிக்கு அழைத்துப்போனார்.

பிளேட்டுக் கடைக்காரர் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். தமிழ்ப் பாட்டு நாலைந்து ஓடியும் அவள் தெருவையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பொம்பளைக் குரல் தெலுங்கில் எழும்பியது. தாட்சாயணி திரும்பினாள். பாட்டு முடிந்தும் பெட்டியை விட்டு நகரவில்லை.

"இதுதான் நைனா."

கன்னையா வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்தார். நகரியை மெட்ராஸோடு சேர்க்கச் சொல்லி மேடையேறிப் பேசுகிறவர் அவர்.

"தெலுங்குப் பாட்டும்மா," என்றார் தணிந்த குரலில். மகளின் முகத்தைப் பார்த்தார். "சரி, கட்டிக் குடுங்க."

திரும்பும்போது புத்தூரில் சிட்டிபாபு பஸ் ஏறினான். கன்னையாவின் கட்சிக்காரன்தான். போன வாரம் தெலுங்குப் பலகை மாட்டிய கடைகளுக்கெல்லாம் தார் பூசியவன். தாட்சாயணியின் மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தான்.

"இன்னாண்ணா, பிளேட்டா? இன்னா பாட்டு?"

"தமிழ்ப் பாட்டுதாம்பா."

தாட்சாயணி நைனாவைத் திரும்பிப் பார்த்தாள். நைனா பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"அப்டின்னா உங்க வூட்டுக்கு வந்து கேட்டுட்டே போறேன்," என்றான் சிட்டிபாபு. விளையாட்டாகச் சொன்னானா, சந்தேகப்பட்டுச் சொன்னானா தெரியவில்லை. நகரியில் இறங்கியதும் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டான்.

வீட்டில் அம்மா ஜெயம்மா பாய் விரித்தாள். மூன்று பேரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கன்னையா பொட்டலத்தை மெதுவாகப் பிரித்தார். பிளேட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் இங்கிலீஷ் எழுத்துதான். அங்கே யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் ஊசி வைத்தால் தெரிந்துவிடுமே!

"பெட்டி இன்னும் சரியா ஓடலப்பா. நாளைக்கு..."

"போடுங்கண்ணா. தமிழ்ப் பாட்டு கேக்க நாள் பாக்கணுமா?"

ஜெயம்மா ஒன்றும் புரியாமல் புருஷனையே பார்த்தாள்.

"நான் சாவி குடுக்கறேன் நைனா," என்று தாட்சாயணி முன்னால் வந்தாள்.

கைப்பிடி இறுகியதும் நிறுத்திவிட வேண்டும், மேலே சுற்றினால் உள்ளே ஸ்பிரிங் போய்விடும் என்று மாமா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இறுகியது. அவள் நிறுத்தவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து, உடம்பு முழுவதையும் கொடுத்து அழுத்தினாள். உள்ளே 'டப்'பென்று ஏதோ தெறித்தது. கைப்பிடி தொளதொளவென்று சுற்றியது.

"அய்யய்யோ!" என்றாள் ஜெயம்மா.

சிட்டிபாபு தாட்சாயணியை ஏற இறங்கப் பார்த்தான். அவள் தலை குனியவில்லை.

"ரிப்பேர் பண்ணப்புறம் சொல்லி அனுப்புங்கண்ணா," என்று கடைசியில் எழுந்தான். மூன்று பேரும் தெருமுனை திரும்பும்வரை கன்னையா வாசலிலேயே நின்றார்.

உள்ளே ஜெயம்மா அடிக்கக் கை ஓங்கிவிட்டாள். கன்னையா ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சேதான் சுத்துனியா?"

தலையாட்டினாள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது.

வெயில் இன்னும் தாழவில்லை. கன்னையா கதவைத் தாழ்ப்பாள் போட்டார். பிளேட்டின் மேல் ஊசியை இறக்கி, ஆள்காட்டி விரலால் ஓரத்தைத் தள்ளினார். முதலில் முனகல்தான் வந்தது. பிறகு இழுத்து இழுத்து ஒரு தெலுங்கு வார்த்தை. மூன்று பேரும் பெட்டியிடம் காதைக் கொண்டுபோனார்கள். தெருவில் சைக்கிள் மணி அடித்ததும் விரல் நின்றது. பாட்டும் நின்றது. மணி தாண்டிப் போனதும் விரல் மறுபடி தள்ளியது.

"கொஞ்சம் வேகமா சுத்து நைனா," என்றாள் தாட்சாயணி, மூக்கைத் துடைத்துக்கொண்டே.