கொடிக்கம்பத்தடி மூங்கில்

லுண்ட்ஹவுனில் ஒரு வீட்டு மூங்கிலுக்குக் குளிரெடுத்தால் எல்லா வீட்டு மூங்கிலும் இலையைச் சுருட்டிக்கொள்ளும். லிம் கடற்கழியின் கரையில் இருக்கும் எங்கள் ஊரில் இது மேற்குக் காற்றைப் போல, ஹெர்ரிங் மீனின் விலையைப் போல எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காரணமும் எளிதுதான். ஊரில் இருப்பது மொத்தமும் ஒரே மூங்கில். மருந்துக்கடை தோர்வால் க்ராபேயின் அப்பா போருக்கு முன்பு ஒரு தூர் வாங்கி வந்து கொல்லையில் நட்டார். டென்மார்க்கில் இது பிழைக்காது என்று சொன்னவர்கள் கண்ணெதிரே அது பனியைத் தலையில் சுமந்து தரைவரை குனிந்தது, மார்ச்சில் நிமிர்ந்து நின்றது. அதற்குப் பிறகு கல்யாணம், புது வீடு எது வந்தாலும் தூரை ரம்பத்தால் அறுத்து ஒரு துண்டு கொடுப்பது வழக்கமாயிற்று. கல்யாண வெள்ளி விழாக் காலையில் தம்பதியின் வாசலில் தழை வளைவு கட்டிப் பாடும்போது மற்ற ஊர்க்காரர்கள் தேவதாருக் கிளையைக் கட்டுவார்கள். நாங்கள் மூங்கிலைக் கட்டுவோம். துண்டு வாங்கியவர்கள் நவம்பரில் அதன் அடியில் முழங்கால் உயரத்துக்குச் சருகைக் குவித்து, வைக்கோல் பாய் சுற்றி, பனி விழுந்தால் அதையும் வேரின்மேல் வாரிப் போடுவார்கள். பனி போர்வைதான், கிழக்குக் காற்றுதான் எமன். மண் உறைந்து வேர் குடிக்க முடியாதபோது இலை காற்றில் காய்ந்துகொண்டே இருந்தால் மூங்கில் குளிரால் சாவதில்லை, தாகத்தால் சாகும்.

கொடுத்தவர்கள் எல்லோரும் தங்களைப் போன்றவர்களுக்கே கொடுத்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். துறைமுகத்துச் சிப்பி ஆலையின் மாடி அறைகளில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு யாரும் ஒரு துண்டு நீட்டியதில்லை. மண் இல்லாதவர்களுக்கு மூங்கில் எதற்கு என்றார்கள். சரி, மண் கொடுங்கள் என்றால் தோட்டச் சங்கத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். ஆலையில் சிப்பி ஓடு உடைக்கும் சோல்வை என்ற பெண் பள்ளியை விட்ட ஆண்டே பெயர் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் பெயர் கொடுத்த பல் மருத்துவர் சங்கம் பிரித்துக் கொடுத்த தன் பங்குத் தோட்டத்தில் ஐந்தாம் முறையாக உருளைக்கிழங்கு தோண்டிவிட்டார். சோல்வை முப்பதைத் தாண்டியும் காத்திருந்தாள்.

புத்தாண்டுப் பெரும்பனி விழுந்த ஆண்டில் ஊர் மூங்கில்கள் அத்தனையும் சுருட்டுப் போல இலையைச் சுருட்டின. பாயைச் சரிபார்த்தார்கள், வெதுவெதுப்பான நீர் ஊற்றினார்கள். ஒன்றும் விரியவில்லை. எங்கோ ஒரு துண்டு அம்போவென்று கிடக்கிறது என்று புரிந்ததும் சங்கத்தலைவர் க்ராபே ஆட்களோடு வீடு வீடாகப் போனார். கடைசியில்தான் துறைமுகத்துக்குப் போகத் தோன்றியது. ஆலையின் இரும்புப் படிக்கட்டு முனையில் ஒரு மீன் வாளி இருந்தது. அதில் இடுப்பளவு மூங்கில். மண் கல்லாகியிருந்தது, மேலே ஒரு கம்பளி சுற்றியிருந்தது. க்ராபே தன் எல்லையைத் தாண்டிய வேரை வெட்டிக் குப்பை மேட்டில் எறிந்த துண்டு அது. சோல்வை பொறுக்கி வந்திருந்தாள்.

"இது என் மூங்கில்மா" என்றார் க்ராபே.

"குப்பையில போடும்போது உங்க பேரை எழுதிப் போட்டிருக்கலாம்ல?"

"இங்க வச்சு இதக் கொல்லுற நீ. ஊர் மூங்கிலும் சேர்ந்து போகுது, தெரியுதா?"

"எங்கிட்ட ரெண்டு கம்பளி இருக்கு. ஒண்ணு அது மேல, ஒண்ணு என் மேல. எதைக் கழட்டிட்டுப் போகப் போறீங்க, மருந்துக்கடைக்காரரே?"

அவர் எதையும் கழற்றவில்லை. மறுநாள் அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து வாளியையே தூக்கிக்கொண்டு போனார்கள். திருட்டு என்று யாரும் சொல்லவில்லை, காப்பாற்றியதாகச் சொன்னார்கள். க்ராபே வீட்டுக் கண்ணாடி அறையில் அடுப்பின் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டே நாளில் ஊர் முழுக்க இலை விரிந்தது. சாராயம் ஊற்றி ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். அடுத்த வாரம் பனியைக் குத்திக்கொண்டு குருத்து வந்தது. கண்ணாடி அறைக்குள் இருந்த துண்டு மே மாதம் வந்துவிட்டதென்று நம்பியதால் மற்ற எல்லாத் துண்டுகளும் அதை நம்பின. பாதிரியார் வீட்டிலும் பள்ளிக்கூட வேலியிலும் கட்டைவிரல் தடிமனில் குருத்துகள் எழும்பின, காலையில் கருகிக் கிடந்தன. தினமும் புதிது வந்தது, தினமும் செத்தது. வாளியை வெளியே எடுத்து வைத்தால் இலை மறுபடி சுருண்டது. தூரின் பலம் இப்படியே தீர்ந்துபோனால் வசந்தத்தில் ஊரில் மூங்கில் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது.

சங்கக் குடிலில் கூட்டம் போட்டார்கள். சோல்வையை முதல் முறையாக உள்ளே கூப்பிட்டு, காபியும் கேக்கும் வைத்து, வாளியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி பணிவாகக் கேட்டார்கள், கம்பளி எத்தனை வேண்டுமானாலும் தருவதாகவும் சொன்னார்கள். அவள் கேக்கை முழுதாகத் தின்று முடித்தாள்.

"வாளி எனக்கு வேண்டாம். வாளியிலதான் அது உறையுது. வீட்டுக்குள்ள வச்சா அதுக்குப் பைத்தியம் பிடிக்குது. மண்ணுல வைக்கணும்."

தாராளமாக, யாருடைய தோட்டத்திலாவது வைக்கலாம் என்றார் செயலாளர் எய்னார்.

"யாரோட தோட்டத்துல வச்சாலும் எல்லை தாண்டினா வெட்டித்தான் எறிவீங்க. என் தோட்டத்துல."

"இடம் எங்கம்மா இருக்கு? எல்லாம் ஆள் இருக்கிற தோட்டமாச்சே."

"கொடிக்கம்பம் நிக்கிற புல்தரையில யாரு இருக்கா?"

அது சங்கக் குடிலின் முன்னால் இருந்த பொதுப் புல்தரை. அந்தக் கம்பத்தில் ஒவ்வோர் உறுப்பினரின் பிறந்தநாளுக்கும் கொடி ஏறும். மழையில் நனைந்தாலும் ஏறும். க்ராபேயின் முகம் பீட்ரூட் நிறமானது.

"அப்ப கொடியை எதுல ஏத்துறதாம்?"

"மூங்கில் வளரும்ல. அதுல ஏத்துங்க."

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. க்ராபேயின் கை கடைசியாக, பல் பிடுங்கக் கொடுப்பதைப் போல உயர்ந்தது. பாதிப் புல்தரையைச் சோல்வையின் பெயருக்கு எழுதினார்கள். கம்பத்தைப் பிடுங்கினார்கள். இரும்பாய்க் கிடந்த மண்ணின்மேல் தீ மூட்டி இளக்கி, கடப்பாரையால் குத்தினார்கள். க்ராபேயும் குத்தினார். அன்பினால் என்று யாரும் எண்ண வேண்டாம். அவர் கொல்லையில் முப்பதடி நீளத்துக்கு மூங்கில் வேலி இருந்தது. தூரை இறக்கி, சருகும் வைக்கோலும் போட்டு, பனியை மேலே வாரிக் கொட்டியதும் குருத்து வருவது நின்றது. கிழக்குக் காற்று ஓய்ந்த அன்று இலைகள் விரிந்தன.

அடுத்த ஆண்டுகளில் தூர் பெருத்ததும் சோல்வை ரம்பத்தை எடுத்தாள். கல்யாணத்துக்கும் வெள்ளி விழாவுக்கும் அவள் காத்திருக்கவில்லை. ஆலை மாடியில் ஓர் அறை விடாமல் எல்லோருக்கும் ஒரு துண்டு கொடுத்தாள், வாளியோடு. அவள் என்ன செய்கிறாள் என்று க்ராபேக்கு உடனே புரிந்தது; புரிந்து செய்ய ஒன்றும் இல்லை. அதிலிருந்து குளிர்காலத்தில் இலை சுருண்டால் சங்கத்தினர் துறைமுகத்துக்கு இறங்கிப் போய்க் கதவைத் தட்டி, இங்கே யாருக்குக் குளிர்கிறது என்று கேட்கிறார்கள். வாளிக்கு வைக்கோல் கட்டுகிறார்கள், கரி மூட்டையை மாடிக்குச் சுமக்கிறார்கள், உடைந்த சன்னலுக்குக் கண்ணாடி போடச் சொல்லி வீட்டுக்காரரிடம் சண்டை போடுகிறார்கள். ஊர் திருந்திவிட்டது என்று எவராவது எழுதினால் நம்பாதீர்கள். வேலிக்காகத்தான் செய்கிறார்கள். ஆனால் அறைகள் சூடாக இருக்கின்றன.

ஒரு பிப்ரவரியில் இலைகள் சுருண்டு வாரக்கணக்கில் விரியவே இல்லை. எல்லாக் கதவுகளையும் தட்டியாயிற்று, எல்லா வாளிகளையும் தொட்டுப் பார்த்தாயிற்று. இலைகளின் கறுத்த ஓரங்களைத் தடவிக்கொண்டு நின்றபோதுதான் சோல்வைக்கு ரித்தா ஞாபகம் வந்தாள். ஆலையில் அவளுக்கு அடுத்த மேசையில் ஓடு உடைத்தவள். ஆட்குறைப்பில் வேலை போய், மூங்கில் வாளியோடு ஆல்போர்க் நகரத்துக்குக் கிளம்பிப் போனவள். எங்கே தங்குவாய் என்று யாரும் கேட்கவில்லை. சோல்வையும் கேட்கவில்லை. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மூன்றாம் நாள் மதியம் ஊர் மூங்கில்கள் மெல்ல இலை விரித்தன. சாயங்கால பஸ்ஸிலிருந்து சோல்வை இறங்கினாள். பின்னால் ரித்தா, கோட்டைக் கழற்றி வாளிக்குச் சுற்றிக்கொண்டு. க்ராபேக்கு அப்போது நல்ல வயதாகிவிட்டிருந்தது. சங்கக் குடிலின் வாசலில் நின்று இருவரையும் பார்த்தார், வாளியைப் பார்த்தார், மிச்சமிருந்த பாதிப் புல்தரையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார்.

"எந்தப் பக்கம் தோண்டணும்?" என்று கேட்டார்.